வெள்ளைப் பூக்கள் தீர்ந்த ஞாயிறு

“மதர் பெட்டிகுரூ, எனக்கு எந்தப் பூ? சிவப்பா, வெள்ளையா?”

ஏழு வயது அமாரிஸ் சபை வாசலில் இப்படிக் கேட்டதும், அவளுக்குப் பின்னால் நின்ற வரிசை பேச்சை நிறுத்திக்கொண்டது.

அன்று அன்னையர் தினம். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் கறுப்பின மக்களின் அந்தச் சபைக்கு வருகிறவர்கள் அந்த ஒரு ஞாயிறு மட்டும் நெஞ்சில் பூ இல்லாமல் உள்ளே போகமாட்டார்கள். தாய் உயிரோடு இருந்தால் சிவப்பு கார்னேஷன், போய்விட்டிருந்தால் வெள்ளை. வாசலில் மடியின் இரண்டு பக்கமும் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு மதர் பெட்டிகுரூ உட்கார்ந்திருப்பார். மிகவும் வயதானவர், சபையே மரியாதையாக ‘மதர்’ என்று கூப்பிடுகிறவர். அவர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குனிகிறவரின் சட்டையில் சரியான நிறம் வந்து உட்கார்ந்துவிடும்.

அமாரிஸின் தாய் யொலாண்டா இறந்ததிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் வெள்ளைதான். இந்த வருஷமும் கிழவியின் கை வழக்கம்போல வெள்ளைத் தட்டுக்குத்தான் போனது. பிறகு அவர் குழந்தைக்குப் பின்னால் நின்ற ஜெனிவாவைப் பார்த்தார். கை சிவப்புத் தட்டுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றது. அப்போதுதான் அமாரிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஜெனிவா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். போன இலையுதிர்காலத்தில் அமாரிஸின் தகப்பன் குவின்சியை மணந்தாள். ஆகையால் இது அவளுக்கு முதல் அன்னையர் தினம்.

“இதுல என்ன கேள்வி? சிவப்பைக் குத்துங்க மதர்,” என்றாள் பெர்னிடா. குவின்சியின் அக்கா. கார் சக்கரம் அளவுக்கு ஊதா நிறத் தொப்பி போட்டிருந்தாள். “அம்மா இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கறாளே.”

“எங்க அம்மா செத்துட்டாங்க அத்தை,” என்றாள் அமாரிஸ், மறந்துபோனவர்களுக்கு நினைவுபடுத்துகிற குரலில். அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. “ரெண்டும் குடுங்களேன் மதர்.”

“ரெண்டா?” கிழவி யோசித்தார். “ஒருத்தருக்கு ஒரு பூதான்டி கண்ணு. இத்தனை வருஷத்துல யாரும் ரெண்டு கேட்டதில்லையே.”

எல்லாரும் ஜெனிவாவைப் பார்த்தார்கள். குவின்சி தொண்டையைச் செருமினான்.  ஜெனிவா குனிந்து, “உனக்கு எது தோணுதோ அதை எடுத்துக்கோ, செல்லம்,” என்று சொல்லிவிட்டு, கைப்பையில் எதையோ தேடுகிறவளைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன எடுக்கவேண்டும் என்று தன் முகம் சொல்லிக்கொடுத்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

“அப்போ எனக்கு வேண்டாம்,” என்றாள் அமாரிஸ்.

ஆராதனையின் நடுவில் போதகர் வழக்கம்போல, “சிவப்புப் பூ வைத்திருக்கிறவர்கள் எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்” என்றார். டெட்ராய்டில் தாய் சௌக்கியமாக இருக்கிற குவின்சியும் பெர்னிடாவும் எழுந்தார்கள். பிறகு, “வெள்ளைப் பூ வைத்திருக்கிறவர்கள் எழுந்து மௌனமாக ஜெபியுங்கள்” என்றார். ஜெனிவா எழுந்தாள். இரண்டு தடவையும் அமாரிஸ் உட்கார்ந்தபடியே இருந்தாள். தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு, எழுகிறவர்களையும் உட்காருகிறவர்களையும் பார்த்தாள்.

ஜெனிவா தன் தாய்க்காக ஜெபிக்கத்தான் கண்ணை மூடினாள். வாயில் வந்தது வேறு. ‘ஆண்டவரே, சிவப்பு. இந்த ஒரு வருஷம் மட்டும், சிவப்பு.’ பூவின் நிறத்துக்கெல்லாம் பரலோகத்தைத் தொந்தரவு செய்கிறோமே என்று வெட்கப்பட்டு, அவசரமாக ஆமென் சொல்லி உட்கார்ந்தாள்.

வெளியே வரும்போது மதர் பெட்டிகுரூ ஊன்றுகோலைத் தட்டிக் கூப்பிட்டார்.

“பிரசங்கம் பூரா அதையேதான் யோசிச்சேன். குழந்தை கேட்டதுல தப்பே இல்ல. நான்தான் கிழட்டுப் பிடிவாதம் பிடிச்சுட்டேன். இப்போ குடுக்கலாம்னு பார்த்தா வெள்ளை தீர்ந்துபோச்சு. இந்த வருஷம் நிறையத் தாய்மாரை மண்ணுக்கு அனுப்பிட்டோம் பாரு.” ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு சிவப்பு கார்னேஷனை நீட்டினார். “இது ஒண்ணுதான் இருக்கு. அவளுக்கு மனசு வந்தா வெச்சுக்கட்டும்.”

பெர்னிடா அதை வாங்கி, கார் டிக்கியில் இருந்த பனிப்பெட்டியில், முட்டைகளுக்கும் ஐஸ் டீக்கும் நடுவில் பத்திரமாக வைத்தாள்.

ஜெனிவாவின் கை தன் நெஞ்சில் இருந்த வெள்ளைப் பூவுக்கு ஒருமுறை போனது. குடும்பத்தில் இருந்த ஒரே வெள்ளை அதுதான். கழற்றிக் கொடுத்தால் குழந்தை கேட்ட இரண்டும் அவளுக்குக் கிடைத்துவிடும். ஆனால் விரல் ஊசியைத் தொட்டதோடு நின்றது. கையை இறக்கிக்கொண்டு, காருக்குள் ஏறினாள்.

அன்னையர் தினத்தன்று மதியம் தாவரவியல் பூங்காவுக்குப் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். யொலாண்டா தொடங்கிவைத்தது. இரவு பெய்த மழையில் பூங்கா முழுகி எழுந்து, வெயிலில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தது. நுழைந்ததுமே ரோஜாத் தோட்டம். ஆயிரக்கணக்கான ரோஜாக்கள், ஒன்றுகூட ‘என்னைப் பார்’ என்று சத்தம் போடவில்லை, ஆனாலும் கடந்துபோக முடியவில்லை. வெண்ணெய் நிறம், பீச் பழத்தின் கன்னத்து நிறம், கறுப்பு என்றே சொல்லிவிடலாம்போன்ற ஒரு சிவப்பு. சபைகள் விட்டு நேராக வந்த குடும்பங்கள் தொப்பிகளும் பட்டுச் சட்டைகளுமாக நடந்தன. பூக்களுக்கு நடுவில் பெண்களா, பெண்களுக்கு நடுவில் பூக்களா என்று சட்டென்று சொல்ல முடியாது. ஒரு தேனீ கூட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு பெர்னிடாவின் தொப்பியையே சுற்றியது.

“பாத்தியாடா குவின்சி, நிஜப் பூவே இத்தனை இருக்கு, அதுக்கு என் தொப்பிதான் வேணுமாம்.”

“பாவம் அக்கா, அதுக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

“கண்ணு தெரியாதது உனக்குத்தான். முப்பது வயசுல மாட்டின கண்ணாடியை இன்னும் மாத்தல.”

அமாரிஸ் இதையெல்லாம் கேட்கவில்லை. ஒவ்வொரு பாத்தியிலும் குனிந்து எதையோ தேடிக்கொண்டே போனாள். ஜெனிவாதான் கேட்டாள்: “என்ன தொலைச்ச, கண்ணு?”

“தொலைக்கல. இங்க உலகத்துல இருக்கற எல்லாப் பூவும் இருக்குன்னு அப்பா சொன்னாரு. அப்போ சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த பூ ஒண்ணாவது இருக்கணும்ல? ஒரு பூ. ஒருத்தருக்கு ஒரு பூதான்னு மதர் சொன்னாங்களே.”

ஜெனிவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வா, ரெண்டு பேரும் தேடலாம்,” என்றாள். சொன்ன பிறகுதான், தான் எதைத் தேட ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது. அந்தப் பூ கிடைத்தால் பனிப்பெட்டியில் இருக்கிற சிவப்புக்கு வேலை இல்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டாள், உண்மையாகவே தேடினாள்.

வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட ஒரு ரோஜாவை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அமாரிஸ் அதை நாலாபுறமும் சுற்றிப் பார்த்தாள்.

“இது மிட்டாய்க் கம்பு மாதிரி இருக்கு மிஸ் ஜெனிவா. கிறிஸ்துமஸுக்குத்தான் நல்லா இருக்கும்.”

பியோனிப் பாத்தியில் பால் வெள்ளையாக, தட்டகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. மழையின் கனம் தாங்காமல் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. இதழ்களை நிமிர்த்திப் பார்த்தால் நடுவில் இரண்டு மூன்று சிவப்புத் துளிகள்.

“இது சமையல் பண்ணும்போது தக்காளி தெறிச்சது,” என்று தீர்ப்புச் சொன்னாள் அமாரிஸ். இருந்தாலும் அந்தப் பூவின் தலையை மிகுந்த மரியாதையோடு பழையபடி தொங்கவிட்டாள்.

பூங்காவைச் சுற்றிவருகிற சிறு வண்டியில் ஏறினார்கள். எதிர் இருக்கையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் வெள்ளைப் பூ. ஜெனிவாவின் வெள்ளைப் பூவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு வணங்கினார், அவளும் தலையசைத்தாள். அந்த ஒரு நாள் மட்டும் முன்பின் தெரியாதவர்கள் இப்படித் துக்கம் விசாரித்துக்கொள்வது அங்கே வழக்கம். பிறகு அவர் அமாரிஸைப் பார்த்தார்.

“பூ எங்கம்மா? விழுந்துடுச்சா?”

“இல்ல ஐயா. இன்னும் முடிவு பண்ணல.”

பெரியவர் சிரிக்கவில்லை. “நல்லது. அவசரப்பட்டுப் பண்ற முடிவு இல்ல அது,” என்று மட்டும் சொன்னார். அவர் இறங்கும்போது அமாரிஸ் கையை ஆட்டினாள்.

மக்னோலியா மரத்தடியில் பாயை விரித்தார்கள். அந்த மரம் ஒரு வீட்டின் அகலத்துக்கு இருந்தது. மெழுகு பூசியதுபோன்ற இலைகளுக்கு நடுவில் முதல் பூக்கள் அப்போதுதான் திறந்திருந்தன. எலுமிச்சையும் பாலும் கலந்ததுபோல ஒரு வாசனை கீழே இறங்கி வந்தது. அதை நிமிர்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். குவின்சி கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துவிட்டான். பொரித்த கோழி, மசித்த மஞ்சள் கரு நிரப்பிய முட்டை, பெர்னிடாவின் வெண்ணெய்க் கேக். ஜெபம் சொல்லி, சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு நடுவில் பெர்னிடாவுக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது.

“அமாரிஸ், பூ விஷயத்துல நீ ஒண்ணும் கவலைப்படாத. உங்க அம்மா பண்ணின கூத்துக்கு இது ஒண்ணுமே இல்ல. ஒரு வருஷம், போதகர் ‘சிவப்பு எல்லாம் எழுந்திரிங்க’ன்னாரு. யாரு எழுந்து நிக்கறான்னு பாத்தா, யொலாண்டா! அவ அம்மாவை அதே சபையில வெச்சு அடக்கம் பண்ணி அப்பவே பத்து வருஷம் ஆச்சு. நெஞ்சுல சிவப்புப் பூ, இத்தனாம் பெரிசு! சபையே திரும்பிப் பாத்துச்சு.”

“அம்மா என்ன பண்ணினாங்க?”

“என்ன பண்ணுவா? நேரா நிமிர்ந்து நின்னா. ஆராதனை முடிஞ்சு, ‘என்னடி, உங்க அம்மா கல்லறையிலேர்ந்து எழுந்துட்டாங்களா?’ன்னு கேட்டேன். ‘மறதி பெர்னிடா, மறதி’ன்னு சிரிச்சா. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவளை விட்டு வைக்கல நாங்க. மதர் பெட்டிகுரூ மட்டும் ‘நான் வெள்ளைதானே குத்தினேன்’னு ஒரு வாரம் புலம்பிட்டிருந்தாங்க.”

குவின்சி மெல்லச் சிரித்தான். முதல் மனைவியைப் பற்றிய கதையை அழாமல் கேட்கிற அளவுக்கு வருஷங்கள் போயிருந்தன. அமாரிஸ் சிரிக்கவில்லை. “எங்க அம்மா அவங்க அம்மாவை மறந்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

“ஐயோ, அப்படி இல்ல கண்ணு…” பெர்னிடா தடுமாறினாள். “கேக் சாப்பிடு.”

ஜெனிவா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை யொலாண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

அப்போது ஜெனிவா அந்தச் சபைக்குப் புதியவள். அந்த வசந்தத்தில்தான் தாயை அடக்கம் செய்துவிட்டு மெம்ஃபிஸுக்கு வந்திருந்தாள். வாசலில் மதர் பெட்டிகுரூவுக்கு அவளைத் தெரியாது. ஆகவே, அந்த ஒரு தடவை, “எதும்மா?” என்று கேட்டார். பிறந்ததிலிருந்து சிவப்பு எடுத்தே பழகிய கை. அது பாட்டுக்குச் சிவப்பை எடுத்துக்கொண்டது. உள்ளே போய் உட்கார்ந்து, போதகர் “சிவப்பு வைத்திருக்கிறவர்கள்” என்று சொன்னபோதுதான் அவள் குனிந்து பார்த்தாள். எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. தாயை இரண்டாவது முறை புதைத்ததுபோல இருந்தது. உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது.

பக்கத்தில் இருந்த பெண், பேர்கூடத் தெரியாது, வயிறு நிறைந்த கர்ப்பிணி, அவளை ஒரு தடவை பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சிவப்புப் பூவைக் கழற்றினாள். தன் நெஞ்சில் இருந்த வெள்ளையை எடுத்து ஜெனிவாவுக்குக் குத்தினாள். சிவப்பைத் தனக்குக் குத்திக்கொண்டு, முன்னால் இருந்த இருக்கையைப் பிடித்து, அந்தக் கனத்த வயிற்றோடு எழுந்து நின்றாள். சபை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. புதியவளை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து வெள்ளைப் பூக்காரர்களைக் கூப்பிட்டபோது ஜெனிவா எழுந்து நின்று, தாய்க்காக நிம்மதியாக அழுதாள். உட்கார்ந்ததும் யொலாண்டா அவள் காதோரம், “இது நமக்குள்ள,” என்று சொன்னாள். அவ்வளவுதான். பிறகு இருவரும் சிநேகிதிகளானார்கள். அப்போதும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஜெனிவா அதைக் குவின்சியிடம்கூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து, வெப்பநாட்டுச் செடிகள் வளர்க்கிற கண்ணாடி வீட்டுக்குப் போனார்கள். பெர்னிடா வாசலிலேயே நின்றுவிட்டாள். “நேத்து முழுக்க உக்காந்து முடியை நேராக்கியிருக்கேன். இந்த ஆவிக்குள்ள வந்தா அஞ்சு நிமிஷத்துல காலிஃபிளவர் ஆயிடும். நீங்க போங்க.”

உள்ளே நுழைந்ததும் குவின்சியின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துக்கொண்டது. துடைத்தான், மறுபடியும் பூத்தது. ஆளுயர இலைகள், கூரையைத் தொடுகிற பனைகள், கையளவு பட்டுத் துணியைக் கசக்கி வைத்ததுபோல ஆர்க்கிட்கள். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆராதனைக்கு முன்னால் சபைக்குள் இருக்கிற அமைதி அங்கே இருந்தது. மூவரும் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“மிஸ் ஜெனிவா!”

மூலையில், ஒரு கம்பி வளைவின் மேல் படர்ந்த கொடியின் முன்னால் அமாரிஸ் நின்றிருந்தாள். கொடி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூக்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு வெள்ளைக் கூடு. காகிதத்தில் செய்த விளக்குபோல, ஐந்து மூலைகளும் ஒன்றுசேர்ந்து மூடியிருந்தது. அந்தக் கூட்டின் வாயிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு பூ எட்டிப் பார்த்தது. வெள்ளை முழு வெள்ளை, சிவப்பு முழுச் சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்று வழியவில்லை, கலக்கவில்லை. ஆனால் ஒரே பூ.

ஜெனிவா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். இதைக் கேட்டு ஒரு குழந்தை வருவாள் என்று தெரிந்தே படைத்ததுபோல இருந்தது.

குவின்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பலகையைக் கிட்டே போய்ப் படித்தான். “சொந்த இடம்: மேற்கு ஆப்பிரிக்கா. அட, நம்ம முன்னோர்களோட ஊர்க்காரி! இரு, அக்காவைக் கூட்டிட்டு வரேன். முடி போனா போகட்டும், சொந்தக்காரியைப் பாக்க வேண்டாமா?” வெளியே போனான்.

அமாரிஸ் பூவைத் தொடவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். பலகையின் கீழ் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “பறிக்…காதீர்கள்.”

“ஆமா கண்ணு.”

“தெரியும். பரவாயில்ல. இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்.” சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த கல் திண்டில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மிஸ் ஜெனிவா, அத்தை சொன்னாங்களே, எங்க அம்மா நிஜமாவே மறந்துதான் போயிட்டாங்களா?” என்றாள்.

ஜெனிவா பக்கத்தில் உட்கார்ந்தாள். ‘இது நமக்குள்ள’ என்று சொன்னவளின் பிள்ளை இது. இவளிடம் மறைக்கச் சொல்லியிருக்கமாட்டாள் யொலாண்டா.

“இல்ல. மறக்கல. நான் பக்கத்துலயே இருந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். தன் நடுக்கத்தையும், கழற்றிக் குத்திய கைகளையும், திரும்பிப் பார்த்த சபையையும்.

“அப்போ எல்லாரும் அம்மாவைக் கேலி பண்ணினாங்களே, உங்களுக்காகன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம். சொல்லல. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்படி ஒரு ஆளு உங்க அம்மா.”

“நான் எங்க இருந்தேன்?”

“உங்க அம்மா வயித்துக்குள்ள. நீயும்தான் எனக்காக எழுந்து நின்ன.”

 அமாரிஸ் திரும்பிக் கொடியைப் பார்த்தாள். வெள்ளைக் கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சிவப்பைப் பார்த்தாள். பிறகு, “போன வருஷத்து வெள்ளைப் பூ என் ஷூப் பெட்டியில இருக்கு,” என்றாள். “அதுக்கு முந்தினதும் இருக்கு. எல்லாம் பழுப்பாயிடுச்சு. ஆனா அம்மாவோடதுதான். தூக்கிப் போடமாட்டேன்.”

“தூக்கிப் போடவே கூடாது.”

“உங்களோடது ஒண்ணுகூட இல்ல பெட்டியில.”

ஜெனிவா குழந்தையின் சட்டையில் கசங்கிய ஓரத்தை நீவிவிட்டாள். 

“அந்தச் சிவப்பு, முட்டை வாசனை அடிக்குமா?”

“அடிக்கலாம்.”

“பரவாயில்ல.”

கதவு திறந்தது. பெர்னிடா இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “எங்கடா நம்ம சொந்தக்காரி?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொடியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். தொப்பி பின்னால் சரிந்தது. முடி ஆவியில் மெல்லச் சுருளத் தொடங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. “ஆண்டவரே,” என்றாள். “இது மாதிரி ஒரு துணி எடுத்துச் சட்டை தெச்சுக்கணும் போலிருக்கே.”

மரத்தடிக்குத் திரும்பி, பனிப்பெட்டியைத் திறந்து, குளிர்ந்துபோயிருந்த அந்தச் சிவப்பு கார்னேஷனை ஜெனிவா குழந்தையின் மஞ்சள் சட்டையில் குத்தினாள். ஊசியைத் துணிக்குள் விடுவதற்கு அவளுக்கு இரண்டு மூன்று தடவை ஆனது. குவின்சி தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல நின்றான்.  பெர்னிடா கேக்கில் பெரிய துண்டாக வெட்டி ஜெனிவாவின் தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகு மாலை வரைக்கும் அமாரிஸ் தேடவில்லை. குளத்து மீன்களுக்குத் தீனி போட்டாள். புல் சரிவில் உருண்டாள். உருளுவதற்கு முன்னால் பூவை மட்டும் கையால் பொத்திக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தபோது காருக்கு வந்தார்கள். பின் இருக்கையில் ஏறிய கணத்திலேயே குழந்தை தூங்கிப்போனாள். டிக்கியில் சாமான்களை ஏற்றும்போது பெர்னிடாவின் தொப்பியைக் காணோம்.

“கண்ணாடி வீட்டுலதான் விட்டிருப்ப அக்கா.”

“அந்தப் பழைய கண்ணாடியை மாட்டிக்கிட்டு நீயே வந்து தேடு, வா!”

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். அவர்கள் குரல் தேய்ந்தது. கார்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டிருந்தன. அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை.

ஓட்டம் முடிந்ததும் பேருந்தின் கடைசி இருக்கை வரை போய், எந்தக் குழந்தையாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது ஜெனிவாவின் தினப்படி வேலை. அந்தப் பழக்கத்தில்தான் பின் கதவைத் திறந்தாள். அமாரிஸ் வாயைப் பாதி திறந்தபடி தூங்கினாள். சிவப்புப் பூ கொஞ்சம் கசங்கி, மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் போனது. காலையில் ஆண்டவரிடம் கேட்டது. இந்த ஒரு வருஷம் மட்டும் என்று கேட்டது. அவள் அதை வேண்டிய மட்டும் பார்த்தாள்.

பிறகு தன் நெஞ்சில் இருந்த வெள்ளைப் பூவின் ஊசியை எடுத்தாள். காலையில் விரலோடு நின்ற வேலை, இப்போது சிரமமில்லாமல் நடந்தது. குழந்தை விழிக்காதபடி, மஞ்சள் துணியை விரலால் தூக்கிப் பிடித்து, சிவப்புக்குப் பக்கத்தில், இதயத்துக்குச் சற்றுக் கிட்டே, வெள்ளையைக் குத்தினாள். குத்தும்போது உதடு மட்டும் அசைந்தது: “இந்தா, யொலாண்டா.”

கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். தொப்பியோடு திரும்பி வந்த பெர்னிடா ஏறிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

“ஜெனிவா, உன் பூ எங்க?”

“எங்கயோ விழுந்துடுச்சு போலிருக்கு,” என்று சொல்லி, அவள் சிரித்தாள்.